சிவப்பு வட்டத்துக்குள் 0-3 என்று போட்டிருந்தால் கொடுக்கலாமா, கூடாதா?

கேள்வி: கொக்குவில் அம்மம்மா

வீட்டில் ஒரு சின்னச் சண்டை. தீர்ப்புச் சொல்ல வெளியாள் தேவை.

நான் 31 வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். மகளும் மருமகனும் வேலைக்குப் போனபிறகு காலை எட்டு மணி தொடக்கம் பின்னேரம் ஐந்து மணி வரைக்கும் பேத்தி என் பொறுப்பு. அவளுக்கு ஒரு வயதும் எட்டு மாதமும். நிலத்தில் கிடக்கும் எதையும் அவள் கண்ணால் ஆராய்வதில்லை, வாயால்தான் ஆராய்வாள்.

லண்டனில் இருக்கும் மகன் போன மாதம் பார்சல் போட்டான். சொக்லேற், மருமகனுக்குச் சப்பாத்து, என் முழங்காலுக்கு ஒரு தைலம், பேத்திக்கு மரத்தில் செய்த மீன்பிடி விளையாட்டு. தூண்டில் நுனியில் ஒரு காந்தம், ஒவ்வொரு மீனின் மூக்கிலும் ஒரு பொட்டுக் காந்தம். மீன்கள் நல்ல வடிவு, பொய் சொல்லக் கூடாது. பெட்டியின் பின்பக்கத்தில் பத்துப் பதினைந்து பாஷையில் எறும்பு மாதிரிப் பொடி எழுத்து. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. மூலையில் ஒரு ரூபாய்க் குற்றியிலும் சின்னதாக ஒரு சிவப்பு வட்டம். உள்ளே ஒரு பிள்ளையின் முகமும் 0-3 என்ற எண்களும்.

கணக்கு ரீச்சருக்கு 0-3 என்றால் என்ன? பூச்சியம் தொடக்கம் மூன்று வரை. சரி, பேத்தியின் வயது அதற்குள்தானே கிடக்கிறது என்று பெட்டியைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன்.

பின்னேரம் மருமகன் வந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமி, இதுக்குக் குறுக்கால ஒரு கோடு கிடக்கு" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், ஓம், கிடக்கிறது. முகத்துக்கு மேலால் தலைமயிர் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அவர் சொல்கிறார், மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது என்று. மகள் வேறு கதை சொல்கிறாள். "அது மூன்று வயதுப் பிள்ளையின்ர மூளைக்கு ஏற்ற விளையாட்டு எண்டுதான் போட்டிருக்கு. எங்கட பிள்ளை கெட்டிக்காரி, இப்பவே விளையாடுவாள்." தாய்க்காரி அப்படித்தான் சொல்வாள். நானும் உள்ளுக்குள் அவள் பக்கம்தான் நின்றேன்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மருமகனிடம் இன்னும் சொல்லவில்லை. நல்லூர்த் திருவிழாவில் சப்பறத்தன்று வீதியோரக் கடையொன்றில் 350 ரூபாய்க்கு ஒரு முயல் வாங்கினேன். அமத்தினால் வயிற்றில் லைட் மின்னும், ஒரு இங்கிலிஷ் பாட்டும் பாடும். பெட்டி கிடையாது. சும்மா பொலித்தீன் பைக்குள் போட்டுத் தந்தார்கள், ஒரு எழுத்தும் இல்லை. நான்காம் நாள் பேத்தி விறாந்தைப் படியில் சத்தமில்லாமல் இருக்கிறாள். அவள் சத்தமில்லாமல் இருந்தால் எனக்குப் பயம். வாயை இறுக்கிப் பூட்டியிருக்கிறாள். பக்கத்தில் முயல் ஒற்றைக் கண்ணோடு படுத்திருக்கிறது. மடியில் போட்டு வாயைத் திறந்து பார்த்தால், கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் கறுப்பாக அந்தக் கண். எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அந்த 0-3 கட்டளையா, புத்திமதியா? பிள்ளையின் கெட்டித்தனத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? ஒன்றுமே எழுதாமல் விற்கிற சாமானை எதை வைத்து நம்புவது?

பதில்: ரவுண் ஃபான்சிக் கடை

கணக்கு ரீச்சர் என்றதும் கொஞ்சம் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாண ரவுணில் பதினாலு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் மகள் சொன்னதை வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் சொல்வார்கள். முந்தி நானும் "ஓம் அக்கா, கெட்டிக்காரப் பிள்ளைக்குக் குடுக்கலாம்" என்று சொல்லி விற்றவன்தான். வியாபாரம் அப்படி. ஒரு நாள் ஒரு தகப்பன் வந்து, என்னிடம் வாங்கின காரின் சில்லை மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையாம். பிறகு தெரிந்தவர் ஒருவர் மூலம் கேட்டு அறிந்தேன். அன்றைக்குப் பிறகு வயதைக் கேட்காமல் நான் சாமான் எடுத்துக் கொடுப்பதில்லை.

எழுத்தில்லாத முயல் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். திருவிழாக் கடைக்காரர் பலர் கொழும்பு புறக்கோட்டையில் மொத்தமாக எடுப்பார்கள். டசின் கணக்கில் பெரிய மட்டைப் பெட்டிக்குள் வரும். வயது, எச்சரிக்கை ஏதாவது இருந்தால் அது அந்தப் பெரிய பெட்டியில்தான் இருக்கும். கடை போடும்போது அந்தப் பெட்டி நிலத்தில் விரிக்கப் போய்விடும். உங்கள் கைக்கு முயல் மட்டும்தான் வரும்.

பெட்டியில் வருவதிலும் ஏமாற வேண்டாம். சி.ஈ. என்று இரண்டு எழுத்து இருக்கும். அது ஐரோப்பியச் சட்டப்படி செய்திருக்கிறோம் என்று தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் அடையாளம். எவனும் அச்சடிக்கலாம். இந்தியாவில் 2021 ஜனவரி தொடக்கம் விளையாட்டுச் சாமானுக்கு ஐ.எஸ்.ஐ. என்ற தர முத்திரையைக் கட்டாயமாக்கி விட்டார்கள். ஆனால் அது அங்கே விற்கிற சாமானுக்கு, ஏற்றுமதிக்கு இல்லை. அதனால் இந்தியச் சாமான் என்று சொன்னால் போதாது, முத்திரை பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இறக்குமதி செய்தவரின் பெயரும் விலாசமும் இருக்கிற சாமானாகப் பார்த்து வாங்குங்கள், பில்லும் கேளுங்கள். பிரச்சினை என்றால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற ரெலிபோன் இலக்கத்துக்கு அடிக்கலாம். பில் இல்லாமல் அடித்து என்னத்தைச் சொல்வது?

பதில்: இங்கிலாந்திலிருந்து ஒரு சோதனைக்காரன்

வணக்கம் அம்மா. ஊர் கோண்டாவில், இப்போது இங்கே விளையாட்டுச் சாமான் உடைக்கிற வேலை. உண்மையாகவே அதுதான் வேலை.

உங்கள் மருமகன் சொன்னது சரி. கோடு போட்ட அந்த முகம் ஐரோப்பாவின் ஈ.என். 71 என்ற தரத்தில் வருவது. மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்று அர்த்தம். வட்டம் பத்து மில்லிமீற்றர் இருந்தாலே போதும் என்பதால், எல்லாரும் பத்துக்கு மேலே ஒரு மில்லிமீற்றர் கூடப் போட மாட்டார்கள். அதோடு பெட்டியிலோ உள்ளே வருகிற குறிப்பிலோ காரணமும் எழுதியிருக்க வேண்டும். சின்னத் துண்டு, சின்னப் பந்து, நீளக் கயிறு என்று ஏதாவது ஒன்று. பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாக 5+ என்றோ 6+ என்றோ போடுவது பெரும்பாலும் இந்த வயதில் ரசிப்பார்கள் என்ற சிபாரிசு. அதில் கெட்டித்தனத்தைக் கலந்து பேசலாம். சிவப்பு வட்டத்தில் பேச இடமில்லை. பிள்ளை ஐந்து வயதுக்காரரின் புதிரைப் பொருத்தினாலும் தொண்டை ஒரு வயதும் எட்டு மாதமும்தான்.

எப்படி முடிவெடுக்கிறோம் என்று கேட்டால், ஒரு உருளை இருக்கிறது. உள்விட்டம் 31.7 மில்லிமீற்றர். அடி சரிவாக இருக்கும், ஒரு பக்க ஆழம் 25.4, மற்றப் பக்கம் 57.1. சாமானோ அதிலிருந்து கழன்ற துண்டோ எந்தப் பக்கமாகப் போட்டாலும் சரி, அமத்தாமல் முழுதாக உள்ளே அடங்கினால் அது சின்னத் துண்டு. மூன்று வயதுக்குக் கீழானவருக்கு ஆகாது. அமெரிக்காவில் 1980இலிருந்து இதே உருளைதான்.

முக்கியமான விஷயம், சாமானை அப்படியே உருளையில் போட்டுப் பார்த்துவிட்டு விடுவதில்லை. முதலில் பிள்ளை செய்கிறதை நாங்கள் செய்வோம். 85 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து ஐந்து தரம் விழுத்துவோம். ஒரு கிலோ நிறையை மேலே போடுவோம். கண், மூக்கு, பொத்தான் எல்லாவற்றையும் முறுக்கி, 90 நியூட்டன் வரை விசை கொடுத்து இழுப்போம். அதாவது ஒன்பது கிலோ நிறையை அந்தக் கண்ணில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. உங்கள் முயல் இங்கே வந்திருந்தால் இரண்டு கண்ணும் மேசையில் கிடந்திருக்கும்.

ஒரு தந்திரமும் சொல்ல வேண்டும். கிலுகிலுப்பை, கட்டிப்பிடித்துப் படுக்கிற மென்பொம்மை மாதிரி, பார்த்தாலே குழந்தைக்கு என்று தெரிகிற சாமானில் 0-3 வட்டத்தை ஒட்டித் தப்ப முடியாது. ஐரோப்பியச் சட்டம் அதை ஏற்காது. அப்படி ஒட்டியிருந்தால் அந்தக் கம்பனி சோதனைக்குப் பயந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பந்துக்குக் கணக்கு வேறு. மேசைப் பந்து 40 மில்லிமீற்றர், உருளைக்குள் போகாது. ஆனாலும் உருண்டையானது தொண்டையை வடிவாக அடைத்துவிடும் என்பதால் மூன்று வயதுக்குக் கீழானவருக்கு 44.5 மில்லிமீற்றர் வளையத்துக்குள்ளால் போகிற பந்து எதுவும் ஆகாது.

மீனைத் தயவுசெய்து இன்றைக்கே மேலே வையுங்கள். ஒரு காந்தம் போனால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டு போனால் அவை குடலின் இரண்டு மடிப்பில் நின்று ஒன்றையொன்று இழுத்து, நடுவில் அகப்பட்ட சுவரை ஓட்டையாக்கும்.

பதில்: வேலணைப் பெடியன்

எல்லாம் லண்டன் கதை. நாங்கள் போளை அடித்து, குன்றிமணி வைத்து விளையாடி, நுங்குக் கோம்பையில் வண்டில் உருட்டி வளர்ந்த ஆட்கள். ஒரு ஸ்டிக்கரும் இல்லை. ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

கொக்குவில் அம்மம்மா

தம்பி, ஒன்றும் நடக்காதவர்கள்தானே இங்கே வந்து எழுதலாம். மாதிரி எடுத்த விதத்திலேயே பிழை.

கோம்பை வண்டில் நல்ல சாமான், ஒத்துக்கொள்கிறேன். அதைப் பிள்ளை விழுங்க முடியாது. ஆனால் குன்றிமணியைச் சேர்க்க வேண்டாம். அது கடித்து உடைத்தால் நஞ்சு. எங்களுடைய ஆச்சி அதைச் செம்புக்குள் போட்டு மூடி வைத்து, எண்ணித் தந்து எண்ணி வாங்குவா. ஸ்டிக்கர் இல்லை, ஆச்சி இருந்தா.

பதில்: இரவு டியூட்டி

குழந்தைகள் வார்டில் வேலை செய்த தாதி நான். அம்மா, கண்ணை எடுத்த விதம் சரி, ஏனென்றால் நீங்கள் கண்ணால் கண்டு எடுத்தீர்கள். காணாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவோம். வருகிற தாய்மாரில் பாதிப்பேர் அதைத்தான் செய்துவிட்டு வருவார்கள்.

பிள்ளை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். அதுதான் நல்ல மருந்து. சத்தம் வராமல், மூச்சு எடுக்க முடியாமல் தவித்தால், தலையைக் கீழே சரித்துப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடியால் ஐந்து அடி. போகாவிட்டால், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே கையைப் பொத்தி உள்ளுக்கும் மேலுக்குமாக ஐந்து அமத்து. ஒரு வயதுக்குக் கீழே வயிற்றில் கை வைக்கவே கூடாது, நெஞ்சு நடுவில்தான் அமத்த வேண்டும். மாறி மாறிச் செய்துகொண்டே இருங்கள், பக்கத்தில் நிற்பவர் அம்புலன்சுக்கு, 1990க்கு அடிக்கட்டும். எழுதி வாசித்தால் வராது, ஒருக்கால் யாராவது பழகினவரிடம் செய்து பாருங்கள்.

எனக்கு அந்த முயலின் கண்ணை விட வயிறுதான் பயம். லைட் மின்னுது, பாடுது என்றால் உள்ளே பெரும்பாலும் பொத்தான் பற்றறி. 20 மில்லிமீற்றர் லிதியம் பற்றறி உணவுக்குழாயில் மாட்டினால், ஈரத்தில் மின்னோட்டம் ஓடிக் காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை எரித்துவிடும். லைட் எரியாத பழைய பற்றறியும் அதைச் செய்யும். பல நேரம் பிள்ளை அழாது, மூச்சுத் திணறாது, வீணீர் வடியும், சாப்பிட மறுக்கும், அவ்வளவுதான். தடிமன் என்று நினைத்து வீட்டில் வைத்திருப்பார்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், சோறு தீத்த வேண்டாம். எக்ஸ்ரேயில் காசுக் குற்றி மாதிரித் தெரியும், ஆனால் விளிம்பில் இரட்டை வளையம் இருக்கும்.

இன்னொன்று. நல்லூரில் முயல் வாங்கின இடத்துக்குப் பக்கத்தில் கச்சான் (நிலக்கடலை) கடை இருந்திருக்குமே? நாலைந்து வயதுக்குள் முழுக் கச்சான் கொடுக்க வேண்டாம். பின் கொடுப்புப் பல்லு இல்லாத பிள்ளைக்கு அரைக்கத் தெரியாது, பாதிப் பருப்பு மூச்சுக்குழாய்க்குள் போய் நிற்கும். அது எக்ஸ்ரேயிலும் தெரியாது. முந்திரிகைப் பழத்தை (திராட்சையை) நீளப்பாட்டுக்கு நாலாக வெட்டிக் கொடுங்கள். இவற்றுக்கெல்லாம் எந்தக் கம்பனியும் வட்டம் போடாது.

ஊதாத பலூனும், வெடித்த பலூன் துண்டும் எட்டு வயது வரைக்கும் கையில் கொடுக்கக் கூடாத சாமான். பலூன் பைக்கற்றில் அது எழுதியிருக்கும், ஒருவரும் வாசிப்பதில்லை.

பதில்: ஸ்காபரோ மாமி

நடுவில் ஒரு சொல். பேத்திக்கு, பிள்ளை உள்ளே இருந்து தள்ளி நடக்கிற சில்லு வைத்த வோக்கர் வாங்கியிருந்தால் அதையும் யோசியுங்கோ. கனடாவில் 2004 தொடக்கம் அதை விற்கவே தடை. படியால் உருண்டு விழுந்த பிள்ளைகள் அவ்வளவு.

கொக்குவில் அம்மம்மா

எல்லாருக்கும் நன்றி. வோக்கர் இல்லை, வீட்டில் மூன்று படிதான், இருந்தாலும் வாங்க மாட்டோம்.

நேற்று பேத்தி நித்திரையானதும் அடிமட்டத்தையும் பிரிஸ்டல் மட்டையையும் எடுத்தேன். விட்டம் 31.7 என்றால் சுற்றளவு ஏறத்தாழ பத்துச் சென்ரிமீற்றர், சுகமான கணக்கு. அடியின் சரிவைப் பார்த்தேன். 57.1இலிருந்து 25.4ஐக் கழித்தால் 31.7. விட்டமும் அதே 31.7. அப்படியென்றால் சரிவு சரியாக 45 பாகை! சோதனைக்காரத் தம்பி இதைச் சொல்லவில்லை, கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோசம் வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. உருளையை 45 பாகையில் வெட்டி விரித்தால் ஓரம் சைன் வளையியாக வரும். அதை வரைந்து வெட்டி ஒட்ட ஒரு மணித்தியாலம் போனது.

பிறகு மருமகனைக் கூப்பிட்டு முயலின் கதையையும் சொல்லிவிட்டேன். ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் பேசாமல் முயலைத் திருப்பி, அடிப்பக்க மூடியை நகத்தால் தட்டினார். கழன்றுவிட்டது. இஸ்க்ரூ இல்லை. உள்ளே மூன்று பொத்தான் பற்றறி. முயல் குப்பைக்குப் போயிற்று. பற்றறிகளை ஒவ்வொன்றாக ரேப்பால் சுற்றி மருந்துப் போத்தலுக்குள் போட்டு வைத்திருக்கிறோம்.

மீன் பெட்டி அலுமாரிக்கு மேலே. பெட்டியில் தமிழ் இல்லாத குறையை மார்க்கரால் தீர்த்தேன். "மூன்று வயதுக்கு முன் கொடுக்கக் கூடாது. சின்னக் காந்தம்." மகள் அதற்குக் கீழே பிள்ளையின் மூன்றாவது பிறந்தநாள் திகதியை எழுதி வைத்திருக்கிறாள். விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

அப்புறம் மூன்று பேருமாக விறாந்தையில் இருந்து வீட்டில் கிடந்ததெல்லாம் உருளைக்குள் போட்டுப் பார்த்தோம். பேத்தியின் கூடையில் இருந்தவற்றில் உள்ளே அடங்கியவை நாலே நாலு: காரின் சில்லு, ஒரு தாயக்கட்டை, பிளாஸ்ரிக் கரண்டியின் உடைந்த துண்டு, எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு போளை. மிச்சமெல்லாம் என்னுடைய சாமான். கொட்டைப்பாக்கு, பிரஷர் குளிசை, சேலைக்குக் குத்துகிற புறோச், தைல மூடி, புளியங்கொட்டை.

இரவு டியூட்டிப் பிள்ளை, ஒரு கேள்வி. நான் சீனி பார்க்கிற மெஷினின் முதுகிலும் மூடி நகத்தால் திறபடுகிறது, உள்ளே அந்த 20 மில்லிமீற்றர் பற்றறிதான். அது கட்டில் பக்கத்து மேசையில், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் இவ்வளவு நாளும் கிடந்தது. இப்போதைக்கு பிளாஸ்டர் சுற்றியிருக்கிறேன். இஸ்க்ரூ போட்ட மெஷின் ஏதாவது ஆஸ்பத்திரிப் பக்கத்து பாமசிகளில் வருகிறதா?